கிளை நூலகத்தில் மாதந்தோறும் இலவச உள்ளூர் வரலாற்று உரை: எதைப் பேசுவது, எப்படி நடத்துவது?

பொருநைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் வரலாறு குறித்து ஓர் உரை நடத்துவது என்று முடிவெடுத்திருக்கிறோம். நூலகர் மனமுவந்து இசைந்திருக்கிறார். கட்டணம் எதுவும் இல்லை. உறுப்பினர் அட்டை இல்லாதவர்களும் வரலாம். நாற்பது பேர் அமரக்கூடிய அறை ஒன்று இருக்கிறது.

பேசுவதற்குப் பொருள் இல்லாத ஊர் அல்ல இது. 1785இல் கட்டப்பட்டு இன்றும் வழிபாட்டில் இருக்கிற குளோரிந்தா ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழையவர்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்வார்கள். தஞ்சையிலிருந்து வந்த குளோரிந்தா என்ற பிராமண விதவை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று, இந்த ஊரில் ஒரு சபைக்கே அடித்தளமிட்ட கதை அதற்குள் இருக்கிறது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பியது இதே பாளையங்கோட்டைக் கோட்டையிலிருந்துதான். அந்தக் கோட்டையின் எஞ்சிய வாயில்களைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு அது எதன் எச்சம் என்பது தெரியாது. தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது; அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் உரைக்கு, தாமிரபரணியின் மேல் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நடத்திப் பார்த்தவர்கள், நடத்த விரும்புகிறவர்கள், கேட்க வருகிறவர்கள் என எல்லோரும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

---

பழைய நூலகர்

பொருநைவாசி அவர்களுக்கு வணக்கம். பல ஊர் நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

நூலகத்தில் சொற்பொழிவு நடப்பது புதிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழாவில் பேச்சாளர்கள் வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறோம், பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்த உரையின் சுவடு நூலகத்தில் எங்கும் இருப்பதில்லை. உங்கள் முயற்சி இதிலிருந்து எங்கே வேறுபடப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். நூலகத்தில் நடக்கிற உரை நூலகத்திற்கு எதையாவது விட்டுச்செல்ல வேண்டும். அப்படி இல்லையென்றால் அதை ஒரு திருமண மண்டபத்திலேயே நடத்திவிடலாம்.

நடைமுறையில் இதற்கு ஒரு வழி உண்டு. உரை நடக்கும் நாளன்று, அந்தப் பொருள் தொடர்பாக நூலகத்தில் இருக்கும் நூல்கள் அனைத்தையும் எடுத்து ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். இல்லாத நூல்களின் பட்டியலையும் எழுதி வையுங்கள். திருநெல்வேலியைப் பொறுத்தவரை ஸ்டூவர்ட் 1879இல் தொகுத்த மாவட்டக் கையேடும், கால்டுவெல் 1881இல் வெளியிட்ட மாவட்ட வரலாறும், பேட் 1917இல் தொகுத்த கெசட்டியரும் அடிப்படையானவை. மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதால், உரைக்குத் தேவையான பக்கங்களைத் தமிழில் சுருக்கி ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், வந்தவர் கையில் ஏதோ ஒன்று மிஞ்சும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் பலவற்றை விலையின்றிப் படிக்கலாம் என்பதையும் அன்றே காட்டிக்கொடுங்கள்.

இன்னொன்று, நேரம். இன்றைய நூலகங்களில் இருக்கைகளை நிரப்புகிறவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நெருங்கும் மாதத்தில், அவர்கள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி வைத்துப் பேசினால் அது அநியாயம். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், ஞாயிறு அவர்களுக்குப் பெறுமதியான நாள். தனி அறை இருந்தாலும் ஒலிபெருக்கி வேண்டாம். நாற்பது பேருக்கு நாற்பது நிமிடம் பேச ஒரு மனிதக் குரல் போதும்.

---

மைப்படி

நான் கல்வெட்டியல் படித்துக்கொண்டிருக்கும் மாணவன். பழைய நூலகர் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: செவிவழிக் கதையையும் ஆவணத்தையும் ஒரே தட்டில் வைக்காமலும், கதையைப் பொய் என்று தூக்கி எறியாமலும் பேசக்கூடியவரைப் பேச்சாளராகத் தேர்ந்தெடுங்கள்.

கன்னடியன் கால்வாயை எடுத்துக்கொள்வோம். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மசாரி, சேர நாட்டு மன்னனின் நோயைத் தானமாக ஏற்றுக்கொண்டு, மணிகள் நிரம்பிய எள் பொம்மை ஒன்றைப் பெற்றார் என்றும், அந்தச் செல்வத்தை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்டபோது ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார் என்றும் கதை சொல்கிறது. பசு நடந்த வழியெல்லாம் கால்வாய். அது கோமியம் விட்ட இடங்களில் மடை. படுத்த இடத்தில் குளம். கல்லிடைக்குறிச்சி தொடங்கி வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று அந்தக் கால்வாய் பாயும் ஊர்களில் இந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதை வரலாற்று உரையில் எப்படிக் கையாள்வது? பசு நடந்ததற்குக் கல்வெட்டு கேட்பது பொருத்தமல்ல. ஆனால் கதை சொல்லும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கால்நடை மேட்டை நோக்கி வீணாக ஏறுவதில்லை. நிலத்தின் சரிவுக்கு இணங்க நடக்கிறது. கால்வாய் வெட்டியவர்கள் நிலத்தின் வாட்டத்தைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்ற அறிவு அந்தக் கதைக்குள் பத்திரமாக இருப்பதாக நான் கருதுகிறேன். இதைச் சொல்லிவிட்டு, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் மேலிருந்து கீழாக வரைபடத்தில் காட்டலாம்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். இவற்றில் முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. திருவைகுண்டம் மட்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. பாளையங்கோட்டை மக்கள் தினமும் தாண்டிப் போகிற பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டிலிருந்து வருகிறது என்று தெரியும்போது, அந்தக் கால்வாயில் குப்பை கொட்டுகிற கை சற்றுத் தயங்கும் என்று நம்புகிறேன்.

முடிந்தால் ஒரு முறை கல்வெட்டு மைப்படி எடுப்பதை நேரில் செய்து காட்டுங்கள். நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, அதன்மேல் மையை ஒற்றும்போது, பள்ளத்தில் கிடந்த எழுத்து வெள்ளையாகவும் சுற்றியுள்ள கல் கறுப்பாகவும் எழுந்து வரும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால், கோயில் சுவரில் இருப்பது வெறும் கீறல் அல்ல என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோயில் கல்லில் எடுக்க முறையான அனுமதி வேண்டும் என்பதால், நூலகத்தில் எழுத்துப் பொறித்த ஒரு பலகைக்கல்லை வைத்தே இதைக் காட்டலாம்.

---

மேலப்பாளையம் வாசகி

உங்கள் பட்டியல் முழுவதும் கோட்டையும் ஆலயமும் பாலமுமாக இருக்கிறது. பெரியவர்கள் கட்டியவை எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் செய்த வேலை எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் நெசவுக்குப் பெயர்பெற்றது. என் பாட்டி காலத்தில் தெருவில் பாவு விரித்திருக்கும்போது குறுக்கே ஓடினால் பிள்ளைகளுக்கு அடி விழும். பிறகு தறிகள் குறைந்து, வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் வேலை பரவியது. ஒரு தொழில் எப்போது, எதனால், எந்தத் தெருவிலிருந்து போனது என்பது எந்தக் கெசட்டியரிலும் இருக்காது. அது எங்கள் ஊர்ப் பெண்களின் நினைவில் இருக்கிறது. பத்தமடைப் பாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பாய் போன கதையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, பட்டுபோல் மெல்லிதாகக் கிழித்து எடுக்கிற விரல்களின் வரலாற்றை அந்த விரல்களுக்கு உரியவர்களே வந்து சொல்ல வேண்டும். மேடை ஏறிப் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒருவர் கேள்வி கேட்க, அவர் பதில் சொன்னால் போதும்.

நேரத்தையும் யோசியுங்கள். மாலை ஆறு மணி என்று வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்து, கழிவு போக எண்ணிக்கை பார்த்து, வீட்டுக்குத் திரும்பினால் சமையல் காத்திருக்கும். ஞாயிறு காலை பத்தரை மணி என்றால் நானே இரண்டு மூன்று பேரை அழைத்துவருவேன்.

எங்கள் வீட்டில் பூட்டன் காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் செக்குபந்தி, அதாவது மனையின் எல்லைகள், எழுதியிருக்கும் இடத்தில், இன்னாருடைய மனைக்கு வடக்கு, தறிக் கொட்டகைக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு என்று வருகிறது. இப்போது அங்கே ஓடையும் இல்லை, தறிக் கொட்டகையும் இல்லை. ஓடை இருந்த இடத்தில் தெருவும் அதன்மேல் வீடுகளும் இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் முதலில் புகுந்தது அந்த வீடுகளில்தான். இதை வரலாறு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் உரையில் கேட்க விரும்புவது இதுபோன்ற செய்தியைத்தான்.

---

மைப்படி

அம்மா, இதுதான் வரலாறு, தயக்கமே வேண்டாம். கோயில் கல்வெட்டில் நிலக்கொடை வரும்போதெல்லாம் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று நான்கு புறமும் எழுதுவார்கள். அந்த எல்லைகளில் வரும் வாய்க்கால், குளம், வதி, பெருவழி ஆகியவற்றைக் கொண்டுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊரின் அமைப்பை வரைகிறோம். உங்கள் பூட்டனின் பத்திரம் அந்த மரபின் தொடர்ச்சி. இருபது வீடுகளின் பத்திரங்களில் வரும் செக்குபந்தியை மட்டும் எடுத்து ஒரு வரைபடத்தில் குறித்தாலே, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மேலப்பாளையத்தின் நீரோட்டம் தெரிந்துவிடும்.

---

சந்திப்பு ரயிலடி

நல்ல முயற்சி. ஆனால் முழுக்க இலவசம் என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. ஐம்பது ரூபாயாவது கட்டணம் வைத்தால், பெயர் கொடுத்தவர்கள் வருவார்கள். பேச்சாளருக்குப் பேருந்துச் செலவாவது கொடுக்கலாம். சும்மா கிடைப்பதற்கு மதிப்பில்லை என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல.

---

பழைய நூலகர்

ரயிலடி அவர்களே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பொது நூலகம் இலவசம் என்பது யாரோ தருகிற சலுகை அல்ல. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு இன்று நூலகத்திற்கு உரியது. சொந்த வீடு இல்லாதவரும் வாடகை வழியாக அதில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, விடுதலைக்குப் பின் நாட்டில் முதன்முதலாக, சென்னை மாகாணம் அப்படி ஒரு சட்டத்தை இயற்றியது. அதன் பின்னால் எஸ். ஆர். அரங்கநாதன் என்ற நூலக அறிஞரின் நீண்ட நாள் உழைப்பு இருந்தது. ஆகவே நாம் நடத்தும் உரைக்கு மக்கள் ஏற்கெனவே கட்டணம் செலுத்திவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கதவருகே ஐம்பது ரூபாய் கேட்டால், மேலப்பாளையம் வாசகி அழைத்துவருவதாகச் சொன்ன அந்த இரண்டு மூன்று பேர் வர மாட்டார்கள். நமக்கு வேண்டியவர்கள் அவர்கள்தாம். பேச்சாளரின் வழிச்செலவை வாசகர் வட்டத்தார் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். உள்ளூர்க்காரரைப் பேச வைத்தால் அந்தச் செலவும் குறையும்.

---

தாழையூத்து ஆசிரியர்

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். யாரும் இதுவரை தொடாத ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில் உள்ளூர் வரலாறு என்று அறிவித்த உடனேயே, தங்கள் சாதியின் பெருமையைப் பேச ஒரு மேடை கிடைத்தது என்று வருகிறவர்கள் உண்டு. ஒரு மன்னரை, ஒரு பாளையக்காரரை, ஒரு போராட்ட வீரரைத் தங்களவர் என்று உரிமை கொண்டாடும் பேச்சு நூலக அறையில் ஒரு முறை நடந்தால், அடுத்த மாதம் மற்றொரு தரப்பார் மறுப்பு உரைக்கு இடம் கேட்பார்கள். மூன்றாவது மாதம் நூலகர் அறையைப் பூட்டிவிடுவார். கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் இதைக் கவலையோடு சொல்கிறேன்.

இதற்குப் பயந்து சாதியைப் பற்றியே பேசக்கூடாது என்று விதி வைப்பதையும் நான் ஏற்கவில்லை. எந்தக் குளத்தில் யார் தண்ணீர் எடுக்கக்கூடாது என்றிருந்தது, எந்தத் தெருவில் யார் செருப்பணிந்து நடக்கக்கூடாது என்றிருந்தது, எந்தப் பள்ளிக்கூடம் முதன்முதலில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது என்பவை எல்லாம் உள்ளூர் வரலாற்றின் நடுப்பகுதி. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் இங்கேயே மறைந்த மிஷனரி ரேனியஸ் ஐயரைப் பற்றி ஒருவர் பேசும்போது, அவருடைய பள்ளிகளையும் சபைகளையும் சொல்லிவிட்டுச் சாதியை ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே என் முன்மொழிவு: பேச்சாளர் எந்தச் செய்தியைச் சொன்னாலும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்வெட்டா, அரசு ஆவணமா, அச்சு நூலா, தன் பாட்டி சொன்னதா என்பதை ஒரு வார்த்தையில் சொன்னால் போதும். பாட்டி சொன்னது என்பது தாழ்வல்ல. ஆனால் அது பாட்டி சொன்னது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை எழுத்தில் கொடுத்தாலே, பெருமை பேச மட்டும் வருகிறவர்கள் பெரும்பாலும் தாமாகவே ஒதுங்கிவிடுவார்கள்.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1949இல் இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை தாழையூத்தில் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் இருந்த இடத்தில் ஆலை வந்து, ஆலையைச் சுற்றிச் சங்கர் நகர் என்ற குடியிருப்பு எழுந்ததைச் சொல்ல, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

---

பொருநைவாசி

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொன்ன நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். வாசகர் வட்டத்தின் அழைப்புக் கடிதத்திலேயே அது இடம்பெறும்.

ஒரு கேள்வி. 1908 மார்ச் 13 நிகழ்ச்சியை எந்த மாதம் வைக்கலாம்? வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதற்கு மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, கூட்டம் திரண்டது, நகராட்சி அலுவலகம் எரிந்தது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். வ. உ. சி.யின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தெருவில் இறந்தவர்கள் யார், என்ன வேலை செய்தவர்கள் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை.

---

எழும்பூர் வாசகர்

நெல்லையில் பிறந்து சென்னையில் வசிக்கிறேன். மார்ச் மாதத்திலேயே வையுங்கள், அண்ணாச்சி. நாள் பொருந்தி வரும். அந்த வழக்கின் அரசு ஆவணங்கள் பல எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த எழுச்சியை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்து நூலாக எழுதியிருக்கிறார். அதை முன்கூட்டியே நூலகத்திற்கு வரவழைத்து, உரைக்கு ஒரு மாதம் முன்பே மேசையில் வைத்துவிட்டால், கேட்க வருகிறவர்களில் ஐந்து பேராவது படித்துவிட்டு வருவார்கள். படித்துவிட்டு வருகிற ஐந்து பேர் கேட்கும் கேள்விகள் அந்த அறையின் தரத்தையே உயர்த்திவிடும்.

பழங்கால ஈமத்தாழிகள் புதைந்திருந்த ஆதிச்சநல்லூரையும் விட்டுவிட வேண்டாம். 1876இல் யாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் தோண்டினார். கிடைத்த பொருள்களில் பெரும்பகுதி ஊரைவிட்டுப் போய்விட்டது. ரீ எடுத்த வெண்கலப் பொருள்களை இங்கே எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தாழிகள் புதைந்திருந்த பரம்பில் ஆடு மேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவற்றைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டர் வர வேண்டியிருக்கிறதே என்று நினைப்பேன். ஆதிச்சநல்லூரிலேயே இப்போது அகழ்ந்த குழிகளை அப்படியே காட்டும் காட்சிக்கூடம் வந்திருப்பது பெரிய ஆறுதல். உரைக்கு அடுத்த வாரம் எல்லோரும் ஒரு பேருந்து பிடித்து அங்கே போய்வரலாம்.

---

மாஞ்சோலைப் பேரன்

அண்மைக்காலத்தையும் உள்ளூர் வரலாறாக எடுத்துக்கொள்வீர்களா என்று அறிய விரும்புகிறேன். சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தில் 8,373 ஏக்கரை 1929இல் ஒரு நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்ததிலிருந்து எங்கள் குடும்பத்தின் கதை தொடங்குகிறது. என் தாத்தாவும் பாட்டியும் அங்கே மாஞ்சோலைத் தோட்டத்தில் தேயிலை பறித்தவர்கள். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் நடந்த தடியடியில் 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். அதில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. இது நடந்தது உங்கள் முதல் உரைக்கான பாலம் இருக்கிற அதே கொக்கிரகுளத்துக் கரையில்தான்.

இப்போது தோட்டமும் மூடப்பட்டு, மலையில் இருந்தவர்கள் கீழே இறங்கி வெவ்வேறு ஊர்களில் சிதறிவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த எஸ்டேட்டில் பள்ளிக்கூடமும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் இருந்தன. எந்தக் குடியிருப்பில் யார் இருந்தார்கள் என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யாவிட்டால், எனக்குப் பின்னால் வருகிறவர்களிடம் எதுவும் மிஞ்சாது.

---

தாழையூத்து ஆசிரியர்

கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நேரில் பார்த்தவர்கள் நம்மிடையே இருப்பது இந்தப் பொருளுக்குத் தனி வலிமை. ஆனால் நடத்தும் முறை மாற வேண்டும். சொல்கிறவருக்கு அது வெறும் தகவல் அல்ல; உயிர் இழப்பு. கேள்வி நேரத்தில் யாரோ ஒருவர் எழுந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் கேட்டுவிடக்கூடாது. இந்த ஒரு உரைக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கி, ஒருங்கிணைப்பாளர் தொகுத்துக் கேட்பது நல்லது. அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொல்வதையும் தொழிலாளர்கள் சொல்வதையும் தனித்தனியே முன்வைத்து, கேட்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இடம் கொடுக்கலாம்.

---

சந்திப்பு ரயிலடி

கட்டணம் பற்றிப் பழைய நூலகர் ஐயா சொன்ன விளக்கம் ஏற்கும்படி இருக்கிறது. உரைகளைக் காணொளியாக எடுத்து யூடியூபில் ஏற்றினால், வர முடியாதவர்களும் பார்க்கலாம் அல்லவா? என் மகனிடம் கேமரா இருக்கிறது. அவன் எடுத்துத் தருவான்.

---

மேலப்பாளையம் வாசகி

கல்வெட்டு பற்றிய உரை என்றால் தாராளமாக ஏற்றுங்கள். தொழில் செய்கிற பெண்கள் பேசுகிற அன்று கேமரா இருந்தால், அவர்கள் பேச வேண்டியதைப் பேச மாட்டார்கள். கூலி எவ்வளவு, யார் குறைத்தார்கள், எந்தக் கடையில் எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம் அறைக்குள் சொல்வது வேறு, உலகம் முழுவதும் பார்க்கச் சொல்வது வேறு. பேசுகிறவரிடம் முன்பே கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் எடுங்கள். குரலை மட்டும் பதிவு செய்து நூலகத்தில் வைத்துக்கொள்வதென்றால் பலர் சம்மதிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

---

பழைய நூலகர்

வாசகி அம்மா சொன்னது மிகச் சரி. பதிவுக்குச் சம்மதம் தரும்போது மூன்று வகையாகக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: எல்லோரும் பார்க்கலாம், நூலகத்துக்கு வந்தால் மட்டும் கேட்கலாம், இன்ன ஆண்டு வரை யாருக்கும் தர வேண்டாம். ஆவணக் காப்பகங்கள் கடைப்பிடிக்கிற முறையே இது.

வந்தவர்கள் கொண்டுவரும் பத்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூலத்தை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். தொலைந்தால் பொறுப்பேற்க முடியாது. சொத்து வழக்கு உள்ள வீட்டில் அது பெரும் தொல்லையாகிவிடும். அங்கேயே ஸ்கேன் செய்து மூலத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரதியில் ஆள்களின் பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு, செக்குபந்தியையும் ஆண்டையும் ஊர்ப்பெயரையும் மட்டும் பொதுப் பார்வைக்கு வைத்தால் யாருக்கும் இடையூறு இல்லை. இந்தப் பிரதிகள், உரைக்குறிப்புகள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றுக்கும் நூலகத்தில் ஓர் அலமாரியும் ஒரு தனிப் பதிவேடும் ஒதுக்குங்கள். நூலகர் மாறிப்போனாலும் பதிவேட்டில் ஏறிய பொருள் நிற்கும். பதிவேட்டில் ஏறாத பொருள், அடுத்து வருகிறவர் அறையைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போய்விடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

பொருநைவாசி

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை வாசகர் வட்டத்தில் இந்த இழையை அச்செடுத்துப் படித்தோம். தீர்மானித்தவற்றைச் சொல்கிறேன்.

சுலோசன முதலியார் பாலத்திலிருந்தே தொடங்குகிறோம், ஆனால் முன்பு நினைத்த விதத்தில் அல்ல. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்த சுலோசன முதலியார் தம் பணத்தைக் கொடுத்ததையும், பொறியாளர் ஹார்ஸ்லி பதினொரு வளைவுகளோடு வடிவமைத்ததையும், 1843இல் திறக்கப்பட்டதையும் முதல் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை ஆற்றுக்கு ஒதுக்குகிறோம். பாலம் வருவதற்கு முன்பு இரண்டு கரைக்கும் இடையே மக்கள் எப்படிப் போனார்கள், 1992 நவம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரத்திற்கு வந்தது என்று வருகிறவர்களையே கேட்டு, சுவரில் ஒட்டிய பெரிய வரைபடத்தில் குறிக்கப்போகிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய அந்த டிசம்பர் இரவு எல்லோர் நினைவிலும் இன்னும் ஈரமாக இருக்கிறது; 1992ஐச் சொல்லக்கூடியவர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள். இரண்டையும் ஒரே தாளில் குறித்து வைத்தால், நகரத் திட்டமிடுவோருக்கும் அது பயன்படும்.

இரண்டாவது உரை அணைக்கட்டுகளும் கால்வாய்களும். மூன்றாவதில் மேலப்பாளையம் நெசவும் பீடித் தொழிலும். வாசகி அம்மா ஒருங்கிணைக்க இசைந்திருக்கிறார். மார்ச்சில் 1908. மாஞ்சோலை உரையை ஜூலையில் வைக்கிறோம். அதற்கு முன்பாகப் பேசப்போகிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவோம். எல்லாம் ஞாயிறு காலை பத்தரை மணி, ஒலிபெருக்கி இல்லை, கட்டணம் இல்லை. தேர்வு நடக்கும் மாதத்தில் உரையை அருகிலுள்ள பள்ளி ஒன்றின் வகுப்பறைக்கு மாற்றிக்கொள்ளத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒரு தேவை இருக்கிறது. பத்திரங்களில் வரும் ஓடைகளையும் வாய்க்கால்களையும் இன்றைய வரைபடத்தோடு பொருத்த எங்களில் யாருக்கும் பழக்கமில்லை.

---

மைப்படி

அதற்கு நான் வருகிறேன். பத்திரத்தில் சர்வே எண் இருந்தால் வேலை எளிது. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அ-பதிவேட்டில் அந்த எண் ஓடைப் புறம்போக்கா, வாய்க்காலா, பட்டா நிலமா என்பது எழுதியிருக்கும். புல வரைபடத்தில் அதன் வடிவமும் அளவும் இருக்கும். சர்வே எண் இல்லாத பழைய பத்திரமென்றால், பக்கத்து மனைகளின் பத்திரங்களைச் சேர்த்து வைத்துத்தான் பிடிக்க முடியும். ஆகவே ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் ஒரே நாளில் கொண்டுவருமாறு அறிவியுங்கள். முதலில் வாசகி அம்மாவின் தெரு.

---

மேலப்பாளையம் வாசகி

எங்கள் தெருவில் ஏழு வீட்டாரிடம் பேசிவிட்டேன். நான்கு பேர் கொண்டுவருகிறார்கள். இரண்டு பேர் அசலை எடுத்துவரத் தயங்குகிறார்கள். ஸ்கேன் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமானால் காட்டுவதாகச் சொல்கிறார்கள். ஒருவருடைய பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. அதன் நகல் மட்டும் கிடைக்கும்.

---

சந்திப்பு ரயிலடி

என் மகனிடம் கையில் எடுத்துப் போகக்கூடிய ஸ்கேனர் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருவரும் வருகிறோம், அம்மா. பத்திரத்தை அவர்களே கையில் பிடித்துக்கொள்ளட்டும். நாங்கள் தொட மாட்டோம்.